பத்துக் குப்பி

கொஞ்சம் நகந்துக்குங்க தம்பி. பையை நான் மடியிலயே வச்சுக்கிறேன், பரவாயில்ல. உள்ள பேப்பர் இருக்கு, மேல போட்டா கசங்கிடும். நீங்க சடையப்பன்தானே? மேல்சேம்பூர் சடையப்பன்? பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். சும்மா சொல்றேன், டீக்கடைக்காரர்தான் காட்டினாரு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு பஸ்சுக்கு முன்னாடியே வந்து நிக்கிறாரே அவருதான்னு.

என் பேரு திருஞானம். பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது. ஜில்லா சுகாதார ஆபீஸ் சூப்பிரண்டு. இன்னைக்குப் பதினொரு மணிக்கு விசாரணை, சாட்சி சொல்ல வரணும்னு உங்களுக்கு ஒரு கடுதாசி வந்திருக்கும் பாருங்க, அதுல குற்றம் சாட்டப்பட்ட அலுவலர்னு ஒரு வரி இருக்குமே. அது நான்தான்.

அப்படிப் பாக்காதீங்க. வேற சீட்டு எங்க இருக்கு, நீங்களே பாருங்க, பலாப்பழமும் கோழிக்கூடையுமா ஏத்தி வச்சிருக்கான். நான் சண்டைக்கு வரல. காசு பணம் பேசவும் வரல, அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது, முப்பத்திநாலு வருஷத்துல ஒருத்தன் வீட்டு டீ குடிச்சதில்ல. கீழ போய்ச் சேர ரெண்டரை மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொல்றாரு. அதுக்குள்ள என் பக்கத்தையும் நீங்க கேட்டுடணும். உங்க ஊரு நர்சு, சிஸ்டர் தமயந்தி சொன்னதை எல்லாரும் கேட்டாங்க. ஆடிட் மேடம் சொன்னதைக் கேட்டாங்க. என்னைக் கேட்டது யாரு?

உங்க சம்சாரம் விஷயம் எனக்கும் வருத்தம்தான். அதை மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் சொல்லலன்னு ஆயிடக் கூடாது.

நேத்து மத்தியானமே மேல வந்துட்டேன். உங்களைப் பாக்கத்தான். வீட்டுக்கு வந்தா நீங்க காட்டுக்குப் போயிட்டதா பொண்ணு சொல்லிச்சு. நல்ல பொண்ணு. ப்ளஸ் டூ முடிச்சிருக்குதாமே? அதைப் பத்தி அப்புறம் பேசறேன். இந்த மலைக்கு நான் வர்றது இதுதான் மொத தடவை, நம்புவீங்களா? இந்த மேல்சேம்பூர் சுகாதார நிலையத்துக்கு எத்தனை கடுதாசி போட்டிருப்பேன், எத்தனை அறிக்கையில இந்தப் பேரை எழுதியிருப்பேன். நேர்ல பாத்தா இத்தனூண்டு இருக்கு. நான் இன்னும் பெருசா நெனச்சுக்கிட்டிருந்தேன்.

ஆடிட்டுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் என் கஷ்டம் புரியும். உங்க மரவள்ளிக் கிழங்கை மில்லுல எடை போடுறான்ல? அவன் போட்ட எடை சரியான்னு பாக்க இன்னொருத்தன் வந்தா எப்படி இருக்கும், அதான் ஆடிட்டு. சென்னையிலேர்ந்து நாலு பேரு வருவாங்க. ஃபைலையெல்லாம் பெரட்டுவாங்க. அங்க தண்ணி இல்ல, இங்க மருந்து இல்லன்னு கொறையா எழுதி ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டுக் குடுத்துட்டுப் போவாங்க. அதுக்குப் பேரு பாரா. அதோட விட்டாங்கன்னா பரவாயில்லையே. இன்னின்ன செய்யணும்னு பரிந்துரையும் எழுதி, ஆறு மாசத்துக்கு ஒருதரம் செஞ்சீங்களா, எது வரைக்கும் செஞ்சீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நாங்க பதில் எழுதணும். பதில் அவங்களுக்குத் திருப்தியா இருந்தா பாராவை டிராப் பண்ணுவாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தம்பி எங்க பொழப்பே. டிராப்.

அதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லல. பக்கத்து ஜில்லாவுலேர்ந்தெல்லாம் எனக்குப் போன் வரும், 'அண்ணே, இந்தப் பாராவுக்கு என்னண்ணே எழுதறது'ன்னு. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு ஒரு தடவை எழுதலாம். அடுத்த ஆறு மாசத்துக்கு 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது'. அதுக்கடுத்து 'முடிவடையும் தறுவாயில் உள்ளது'. இதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிடும். கேள்வி கேட்ட ஆளுக்கும் மாறுதல் வந்துடும், புது ஆளு வருவான், திரும்ப மொதல்லேர்ந்து பரிசீலனையில் உள்ளதுன்னு ஆரம்பிக்கலாம். பிரசவ அறையில தண்ணிக் குழாய் போடணும்னு ஒரு பரிந்துரை. போட்டேன். எட்டு இடத்துல குழாய் போட்டு பில்லும் படமும் வச்சு அனுப்பினேன், டிராப் ஆச்சு. தண்ணி வருதான்னு அதுல கேள்வியே இல்ல தம்பி. கேக்காத கேள்விக்குப் பதில் எழுதறவன் சூப்பிரண்டா இருக்க முடியாது.

சிரிக்கிறீங்களா? இல்ல, சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

இப்பப் பாம்பு மருந்துக்கு வர்றேன். அஞ்சு வருஷம் முன்னாடி வரைக்கும் மலையில இருக்கிற ஒம்போது நிலையத்துலயும் பாம்புக்கடி மருந்து இருந்துச்சு. ஆமா, மேல்சேம்பூர்லயும் இருந்துச்சு. நான் இல்லைங்கலயே. ஆனா ஒவ்வொரு இடத்துலயும் தேதி தாண்டிப் போச்சு. எல்லா நாளும் பாம்பு கடிக்குமா? கடிக்கலன்னா மருந்து அப்படியே கெடக்கும், காலாவதி ஆயிடும். ஆடிட்டுல வந்து எண்ணினாங்க. நாப்பத்தியாறு குப்பி காலாவதி, அரசுக்கு இழப்பு, பொறுப்பு யாருன்னு பாரா. என் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு அந்தப் பேப்பரை மூஞ்சியில வீசினாரு. வீசினாருன்னா நெசமாவே வீசினாரு, மூக்குக் கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. பியூன் எடுத்துக் குடுத்தான்.

அன்னைக்கு ஒரு முடிவு பண்ணினேன். இனிமே என் ஆபீஸ்ல ஒரு குப்பி காலாவதி ஆகக் கூடாது. ஒம்போது இடத்து மருந்தையும் ஜில்லா ஸ்டோருக்குக் கொண்டுவரச் சொன்னேன். எங்க தேவையோ அங்கிருந்து எழுதிக் கேட்டா அனுப்பறதுன்னு ஏற்பாடு. அதுக்கப்புறம் ஒரு குப்பி வீணாகல, நீங்க எந்த ரெக்கார்டை வேணும்னாலும் பாருங்க. பாரா டிராப். டைரக்டரே கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் குடுத்தாரு. இன்னைக்கும் வீட்டுல இருக்கு. அதே ஆபீஸ்தான் இப்ப என்னைக் கூண்டுல ஏத்துது.

என்ன? எழுதிக் கேட்டா எப்ப வரும்னா? நாலு நாள், அஞ்சு நாள். ஜீப்பு இருக்கிறதைப் பொறுத்து. அந்தக் கேள்வியை அப்ப யாரும் கேக்கல. சிஸ்டர் கேட்டா, அதை ஒத்துக்கறேன். ஏழு கடுதாசி எழுதியிருக்கா, இங்க பத்துக் குப்பியாவது வேணும்னு. ஏழுக்கும் தபால் நம்பர் போட்டு, வரிசையா ஃபைல்ல கோத்து வச்சிருக்கேன். ஒண்ணையாவது கிழிச்சுப் போட்டேனா? போன விசாரணையில அவ அந்த ஏழு நம்பரையும் ஒப்பிச்சாளே, அந்த நம்பர் போட்டது யாரு?

அப்புறம் வந்தாங்க ரெஜினா மேடம். ஆடிட் பார்ட்டிக்குத் தலைமை. சின்ன வயசு, முப்பத்திரண்டு முப்பத்திமூணு இருக்கும். முன்னாடி வந்தவங்கள்லாம் ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஃபைல் பாத்துட்டு, சாயங்காலம் கோயிலுக்கு வண்டி கேட்டுட்டுப் போற ஆளுங்க. இந்தம்மா சோத்து மூட்டை கட்டிக்கிட்டு வரும். நாங்க வாங்கி வச்ச டீயைத் தொடாது. 'மலையில பாம்பு கடிச்சா கீழ வர்றதுக்குள்ள ஆளு இருக்காதே, மருந்து ஏன் ஜில்லா ஸ்டோர்ல இருக்கு'ன்னு கேட்டுச்சு. 'மேடம், போன ஆடிட்டுல நீங்கதான் காலாவதின்னு எழுதினீங்க'ன்னேன். 'காலாவதி ஆகாம பாத்துக்கங்கன்னுதானே எழுதினோம், எடுத்துடுங்கன்னா எழுதினோம்'னு கேக்குது. எப்படி இருக்கு பாருங்க. எழுதிட்டுப் போறவங்களுக்கு வாய் ரெண்டு பக்கமும் பேசும். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நாங்க.

அப்புறமென்ன, பரிந்துரை வந்துச்சு. ஒவ்வொரு மலை நிலையத்துலயும் எந்நேரமும் பத்துக் குப்பி இருப்பு இருக்கணும். ஆறு மாசத்துல செஞ்சு, ஆதாரத்தோட அறிக்கை குடுக்கணும். ஒம்போது பத்தா தொண்ணூறு குப்பி. ஸ்டோர்ல எங்கிட்ட இருந்தது இருபத்தி ரெண்டு. மேலிடத்துக்குக் கேட்டு எழுதினேன், பரிசீலனையில் உள்ளதுன்னு பதில் வருது. எனக்கே! என் வார்த்தையை எனக்கே திருப்பி அனுப்பறான்.

நீங்க என் எடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? நான் ஒரு பெட்டியை ஜீப்புல ஏத்தி அனுப்பினேன். பத்துக் குப்பிப் பெட்டி. ரெண்டு நாள்ல ஒம்போது நிலையமும் சுத்தி, ஒவ்வொரு எடத்துலயும் பிரிட்ஜைத் தொறந்து உள்ள வச்சு, போர்டு தெரியற மாதிரி வெளிய ஒரு படம், உள்ள ஒரு படம். திரும்ப ஸ்டோருக்கே கொண்டாந்தாச்சு. அறிக்கையில 'செயல்படுத்தப்பட்டது'ன்னு எழுதி பதினெட்டுப் படத்தையும் வச்சேன். பொய்யில்ல தம்பி. படம் எடுத்த நேரத்துல அங்க பத்துக் குப்பி இருந்துச்சா இல்லையா?

அந்தம்மா பதினெட்டுப் படத்தையும் மேஜையில பரப்பி வச்சுப் பாத்திருக்கு. பெட்டியோட ஒரு மூலை நசுங்கியிருந்துச்சு. ஒம்போது ஊர்லயும் அதே மூலை நசுங்கியிருக்கு. ஒரு வரி எழுதிச்சு: 'நேரில் சரிபார்க்கப்படும்.' அந்த வரியை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. எனக்கு அப்ப ரிட்டயர் ஆக நாலு மாசம் இருந்துச்சு. மார்ச்சு மாசம் இது. ஜூன் முப்பது எனக்கு ஓய்வு. ஒரு கறுப்புப் புள்ளி இல்லாம எறங்கணும்னு நெனச்சேன். அது தப்பா?

எந்த ஊருக்கு வர்றாங்கன்னு மெதுவா விசாரிச்சேன். மேல்சேம்பூருன்னாங்க, வெள்ளிக்கெழமை காலையில. இருக்கறதுலயே தூரமான ஊரு, வேணும்னே எடுத்திருக்கு அந்தம்மா. புதன்கெழமையே அந்தப் பத்துக் குப்பியையும் புதுப் பெட்டிக்கு மாத்தி அனுப்பி வச்சேன். சுத்தி டேப்பு ஒட்டி, மேல ஒரு சீட்டு ஒட்டி, என் கையெழுத்துப் போட்டேன். 'தணிக்கை முடியும் வரை பிரிக்கக் கூடாது. அனுமதியின்றிப் பிரிப்பவரே முழுப் பொறுப்பு.' அது எல்லாத்துலயும் எழுதறதுதான், ஒரு பாதுகாப்புக்கு. அந்த சீட்டைத்தான் இப்ப பிளாஸ்டிக் கவர்ல போட்டு சாட்சின்னு வச்சிருக்காங்க.

என்ன தம்பி, வெளியவே பாத்துக்கிட்டிருக்கீங்க? தல சுத்துதா? கொண்டை ஊசி வளைவுன்னா எனக்கும் வயித்தப் பெரட்டும்... ஓ. இங்கதானா? இந்த வளைவா? சரி. சரி. எனக்குக் குடுத்த சார்ஜ் மெமோவுல 'ஏழாவது வளைவு அருகில் வழியிலேயே'ன்னு இருந்துச்சு. இது ஏழாவதா? நான் எண்ணல.

சரி, கேளுங்க. இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு.

வியாழக்கெழமை. பதினொன்னேகால் இருக்கும். மறுநா ஆடிட்டுக்கு நான் ஃபைல் அடுக்கிக்கிட்டிருக்கேன். ஆபீஸ் போன் அடிக்குது. தமயந்தி. 'சார், நல்ல பாம்பு கடிச்சு ஒருத்தங்க வந்திருக்காங்க, கண்ணு சொருகுது, டாக்டர் கீழ மீட்டிங்குக்குப் போயிருக்காரு, பெட்டியை உடைக்கட்டுமா'ன்னு கேக்கறா. என்னைக் கேக்கறா தம்பி! அதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. நான் டாக்டரா? எந்த மருந்தை யாருக்குக் குடுக்கணும்னு சொல்ல எனக்கு ஏது தகுதி? நான் கிளார்க்கா சேந்து சூப்பிரண்டா ஆனவன். அவ நர்சுப் படிப்பு படிச்சவ. உடைக்கணும்னு தோணினா உடைச்சிருக்க வேண்டியதுதானே? எதுக்கு ஒரு போனு? பொறுப்பை என் தலையில கட்டத்தானே?

நான் மருந்து குடுக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லல. எந்தச் சாமி முன்னாடி வேணும்னாலும் சூடம் அணைக்கிறேன். நான் பெட்டியைப் பத்தி மட்டுந்தான் பேசினேன். 'நாளைக்குக் காலையில பத்து இருக்கணும்மா. ஒண்ணு கொறைஞ்சாலும் பதில் சொல்றது நீ. 108ஐக் கூப்பிட்டு கீழ அனுப்பு, பெரியாஸ்பத்திரியில வேணுங்கற மருந்து இருக்கு'ன்னேன். அவ்வளவுதான். கீழ போனா பொழச்சுக்குவாங்கன்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். மலை எவ்வளவு ஒசரம், எத்தனை வளைவு, எனக்கு எப்படித் தெரியும், நான் வந்தே பாத்ததில்லையே. ரெக்கார்டுல நாப்பத்தெட்டு கிலோமீட்டருன்னு இருக்கும். நாப்பத்தெட்டு கிலோமீட்டர்னா எங்க ஊர்ல முக்கா மணி நேரம்.

சரி, நடந்தது நடந்துடுச்சு. மறுநா வெள்ளிக்கெழமை ஆடிட் பார்ட்டி மேல வந்துச்சு. ரெஜினா மேடம் பிரிட்ஜைத் தொறந்துச்சு, டேப்பை வெட்டிச்சு, எண்ணிச்சு. பத்து. சரியா பத்து இருந்துச்சு தம்பி! தேதியும் சரி, பேட்ச் நம்பரும் சரி. பரிந்துரை செயல்படுத்தப்பட்டதுன்னு அந்தம்மா கையாலயே டிக்கு அடிச்சிருக்கு. அந்தப் பேப்பரை நான் பாத்தேன், நீல மையில அடிச்ச டிக்கு. முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்ல நான் முடிச்ச கடைசி பாரா அது.

அங்கதான் தமயந்தி வாயைத் தொறந்தா. அவளை யாரும் கேக்கல. டிக்கு அடிச்சுட்டு அந்தம்மா கைகழுவப் போகுது, இவ பின்னாலயே போய், 'மேடம், இந்தப் பத்தும் நேத்தும் இருந்துச்சு மேடம்'னு சொல்லியிருக்கா. அப்புறம் அழுகை. உங்க சம்சாரத்தைப் படுக்க வச்ச பெஞ்சைக் காட்டி அழுதிருக்கா. அந்தம்மா உக்காந்துடுச்சாம். எந்திரிச்சு வந்து அந்த டிக்கு மேல கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல ஒரு பத்தி எழுதிச்சு. அவ்வளவுதான், என் கதை முடிஞ்சுது.

நான் கேக்கறேன், ஆடிட்டோட வேலை என்ன? இருப்பு இருக்கா இல்லையான்னு பாக்கறது. இருந்துச்சு. அதுக்கு மேல நேத்து யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு விசாரிக்க இவங்க யாரு, போலீசா?

ஜூன் முப்பது. அதைச் சொல்லாம விட்டா என் மனசு ஆறாது. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பிரிவு உபசாரம். ஸ்டாஃப் எல்லாம் சேந்து ரோசாப்பூ மாலை வாங்கி வச்சிருக்காங்க. என் வீட்டுக்காரி பட்டுப் பொடவை கட்டிக்கிட்டு வந்து முன் வரிசையில உக்காந்திருக்கா. மகன் பெங்களூர்லேர்ந்து லீவு போட்டு வந்திருக்கான். நாலே முக்காலுக்கு டைரக்டர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. நான் சால்வை போடத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சு தலையை வாரிக்கிட்டுப் போனேன். ஒரு கவர் குடுத்தாங்க. ஓய்வு பெற அனுமதி இல்ல, இன்னையிலேர்ந்து தற்காலிகப் பணிநீக்கம். பதினஞ்சு நிமிஷம் தம்பி. பதினஞ்சு நிமிஷம் கழிச்சுக் குடுத்திருந்தா நான் மாலையோட வீட்டுக்குப் போயிருப்பேன். வேணும்னே அந்த நேரம் பாத்துக் குடுத்தாங்க. ஹாலுக்கு வந்தா எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. ஒருத்தன் என் மூஞ்சியைப் பாக்கல. பியூன் அந்த மாலையை மடிச்சு பீரோவுக்குப் பின்னாடி வைக்கிறான். என் வீட்டுக்காரி எந்திரிச்சு, பொடவைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிட்டு வெளிய நடந்தா. அதுக்கப்புறம் அவ என்கூட ஒழுங்கா பேசறதில்ல. 'பாம்பு கடிச்ச அந்தப் பொம்பளைக்கு என்ன வயசு'ன்னு ஒருநாள் கேட்டா. முப்பத்தெட்டுன்னு மெமோவுல இருக்குன்னேன். அதோட சரி, சோறு போட்டு வச்சுட்டு உள்ள போயிடுவா.

வயிறு எரியுது தம்பி. ஒரு வருஷமாச்சு. ரிட்டயர் ஆனவனும் இல்ல, வேலையில இருக்கறவனும் இல்ல. கல்யாணத்துக்குப் போனா, என்ன சார் பண்றீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?

இதோ, விஷயத்துக்கு வந்துடறேன். அடிவாரம் வந்துடுச்சு. இன்னைக்கு விசாரணையில எல்லாம் ஒரே ஒரு விஷயத்துலதான் நிக்குது. அந்த போன். போன் வந்தது ரெக்கார்டுல இருக்கு, ரெண்டு நிமிஷம் பேசினதும் இருக்கு. என்ன பேசினோங்கறது இல்ல. மறுநா ஆடிட் பார்ட்டிக்குச் சாப்பாடு ஏற்பாடு பத்திப் பேசினோம்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். அவ, இல்ல பெட்டியைப் பத்தித்தான் கேட்டேங்கறா. அவ ஒண்ணு சொல்றா, நான் ஒண்ணு சொல்றேன். அந்த ரூம்ல வேற யாரு இருந்தது? உங்க சம்சாரம் மயக்கத்துல இருந்திருப்பாங்க. அப்ப நீ ஒருத்தன்தான். அதாவது, நீங்க. மன்னிச்சுக்குங்க, வாய் தவறிடுச்சு.

நீங்க பொய் சொல்ல வேண்டாம். நான் யாரையும் பொய் சொல்லச் சொன்னதில்ல. இந்தப் பேப்பரைப் பாருங்க, நானே டைப் அடிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். படிக்கட்டுமா? 'சம்பவத்தன்று செவிலியர் தொலைபேசியில் யாருடனோ பேசினார். எதிர்முனையில் இருந்தவர் யார் என்பதோ, என்ன பேசினார் என்பதோ எனக்குத் தெரியாது.' இவ்வளவுதான். நெசந்தானே? போன் காதுல வச்சுப் பேசறவ அவ. அந்தப் பக்கம் யாரு, என்ன சொன்னாருன்னு நிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுல என்ன தப்பு?

உங்க பொண்ணைப் பத்திச் சொன்னேன்ல. நர்சிங் படிக்க ஆசையாமே, அதுவே சொல்லிச்சு எங்கிட்ட. அரசு நர்சிங் ஸ்கூல் பிரின்சிபால் எனக்கு நல்லாத் தெரிஞ்சவங்க. இந்த வருஷமே ஒரு சீட்டுக்கு நான் பேசறேன். இதுக்காக அது, அதுக்காக இதுன்னு எடுத்துக்காதீங்க. எனக்கும் மனசு இருக்கு. தாயில்லாப் பொண்ணு.

இங்க, இந்த எடத்துல ஒரு கையெழுத்து. பேனா இருக்கு.

என்ன?

கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பஸ்சு இரைச்சல்ல கேக்கல. ஸ்பீக்கர்லயா? அவ கையில ஊசியும் பஞ்சும் வச்சிருந்ததால மேஜை மேல போனை வச்சு ஸ்பீக்கர்ல... அதை அவ விசாரணையில சொல்லலியே? இன்னைக்குச் சொல்வாளா இருக்கும். சரி. சரி, ஸ்பீக்கர்லன்னாலும் மலையில சிக்னல் ஒழுங்கா இருக்காது, சத்தம் ஒடஞ்சு ஒடஞ்சு வரும். நீங்க பதட்டத்துல இருந்திருப்பீங்க. நான்தான்னு உங்களுக்கு எப்படி...

பத்து இருக்கணும்மான்னு சொன்னேனா. ஆமா. சொன்னேன்.

அவங்களுமா கேட்டாங்க? கண்ணு சொருகிடுச்சுன்னு சிஸ்டர் சொன்னாளே. கண்ணுதான் சொருகிச்சு, நெனவு இருந்துச்சா. நான் பேசினது முழுசும் கேட்டுச்சா அவங்களுக்கு. முழுசும்?

கேட்டுட்டு... என்ன சொன்னாங்க?

'அந்த சாருக்கு நாளைக்கு வேணுமாம். சிஸ்டரைத் தொந்தரவு பண்ணாத. நாம கீழ போயிக்கலாம்'னு சொன்னாங்களா. உங்க கையைப் புடிச்சுக்கிட்டு. அப்படியேவா சொன்னாங்க?

அப்படியா.

தம்பி, இதை நீங்க ஏன் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல? இது எவ்வளவு முக்கியம் தெரியுமா? நோயாளியே வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. தாமாவே கீழ போக சம்மதிச்சிருக்காங்க. அப்ப என் பேச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே, அவங்களே எடுத்த முடிவாயிடுதே! இருங்க, இந்தப் பேப்பர் வேண்டாம், இதைக் கிழிச்சுடறேன். இல்ல, பின்பக்கம் காலியாத்தான் இருக்கு, இதுலயே எழுதிடறேன். 'நோயாளி முழு சுயநினைவுடன், தன் விருப்பத்தின் பேரில்...' அவங்க சொன்ன வார்த்தையை இன்னொருதரம் நிதானமாச் சொல்லுங்க, ஒரு எழுத்து மாறாம எழுதிக்கறேன்.

எங்க எந்திரிக்கறீங்க? ஸ்டாண்டு இன்னும் வரல தம்பி. சடையப்பன், உங்களைத்தான். கண்டக்டர், அவரைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க, ஓடுற பஸ்சுல எறங்கப் பாக்கறாரு.